வானிலிருந்து குதிப்பவனுக்குக் காப்புறுதி உண்டா?

"இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா."

வெளிநாடு புறப்படும் பிள்ளைக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இடையே காப்புறுதியைப் பற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. எந்தக் காப்புறுதி, எவ்வளவு தொகைக்கு, எதற்கெல்லாம் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று யாரும் கேட்பதில்லை. விமான டிக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வரும். அதைத் தட்டினால் கட்டணத்தோடு கொஞ்சம் ரிங்கிட் கூடும். அத்தோடு ஒரு கடமை முடிந்தது.

ஹட்யாய்க்குப் போய் வருகிறவனுக்கு இது போதுமானதாகவே இருக்கலாம். பெட்டி தொலைந்தால், விமானம் தாமதித்தால், கண்டதைத் தின்று மருத்துவமனையில் படுத்தால் ஏதோ ஒரு தொகை வரும். ஆனால் நம் பட்டதாரிகளின் பயணங்கள் மாறிவிட்டன. 2011இல் வெளிவந்த 'ஸிந்தகி நா மிலேகி தோபாரா' என்ற இந்திப் படத்தில் மூன்று நண்பர்கள் ஸ்பெயினில் விமானத்திலிருந்து குதித்ததைப் பள்ளிச் சீருடையோடு பார்த்த தலைமுறை இன்று சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் மூவார் போன்ற அமைதியான ஊர்களிலிருந்தும், மேசை நாற்காலித் தொழிற்சாலையில் உழைத்த அப்பாவின் பிள்ளைகள் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்கும் ஆஸ்திரேலியக் கடற்கரைகளுக்கும் துபாய்க்கும் போய் வானிலிருந்து குதிக்கிறார்கள். படம் முகநூலில் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிகிறது. (ஸ்கைடைவிங் என்று எல்லாரும் சொல்லும் இதை இக்கட்டுரையில் வான்குதிப்பு என்றே எழுதுகிறேன். பாராசூட்டுக்கு வான்குடை என்ற நல்ல சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.)

என் கருத்து இதுதான்: வான்குதிப்பைப் பொறுத்தவரை 'காப்புறுதி எடுத்தாச்சு' என்ற பதிலுக்குப் பொருளே இல்லை. கையிலுள்ள பத்திரம் அந்தக் குதிப்பைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறதா என்ற ஒரு கேள்விக்குத்தான் பொருள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் குதிக்கிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. ஊரில் இருக்கும் வீட்டையும் சேர்த்தே வைக்கிறான்.

குதிக்காதே என்று உபதேசம் செய்வது என் நோக்கமன்று. 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக நின்ற மலேசியர்கள் இருவருமே நம்மவர்கள், எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். 'நமக்கெதுக்கு இந்த வம்பு' என்று அவர்கள் எண்ணியிருந்தால் அந்த நாள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவர்கள் நாட்டின் ஆதரவோடு, பயிற்சி பெற்ற ஒரு குழுவோடு, ஆண்டுக்கணக்கான ஆயத்தத்தோடு போனார்கள். நம் தம்பியோ ஒரு வார விடுமுறையில், கடன் அட்டையோடு, நண்பன் சொன்னான் என்பதற்காகப் போகிறான்.

வான்குதிப்பு நாம் கற்பனை செய்யும் அளவுக்கு ஆபத்தான ஒன்றும் அன்று. அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் கணக்கின்படி 2021இல் அந்நாட்டில் 35 இலட்சத்துக்கும் அதிகமான குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். மலேசியச் சாலைகளில் 2019ஆம் ஆண்டு மட்டும் 6,167 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மூவாரிலிருந்து பாரிட் ஜாவாவுக்கு அசாம் பெடாஸ் சாப்பிட இரவில் மோட்டாரில் பறக்கும் தம்பியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஆனாலும் அபாயம் இல்லாமலும் இல்லை. 2014 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் சேலத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில், பெங்களூரிலிருந்து வந்து குதித்த இளம்பெண் ஒருவர் வான்குடை விரியாமல் உயிரிழந்தார். மரணம் அரிது. தரையிறங்கும்போது கணுக்கால் முறிவதும் முதுகெலும்பில் அடிபடுவதும் அவ்வளவு அரிதல்ல. குடும்பத்தைக் கடனாளியாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். செத்தவனுக்கு ஒருமுறை செலவு. அடிபட்டவனுக்கு நாள்தோறும் செலவு. கசப்பாக இருந்தாலும் உண்மை இதுவே.

காப்புறுதி நிறுவனம் இதை எப்படிப் பார்க்கிறது? குதிப்பில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் அறிய வேண்டும். சுற்றுப்பயணிகள் குதிப்பது இணைக்குதிப்பு. பயிற்றுநர் ஒருவரின் மார்போடு உங்களை வார்களால் பிணைத்துவிடுவார்கள். குடை இருப்பது அவர் முதுகில். ஒன்று பழுதானால் இன்னொன்று என்று இரண்டு குடைகள் இருக்கும். 12,000 அடியிலிருந்து குதித்தால் ஏறக்குறைய 45 விநாடியும், 15,000 அடியிலிருந்து குதித்தால் ஏறக்குறைய ஒரு நிமிடமும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுவீர்கள். அதன் பிறகு குடை விரியும். 1980களில் அமெரிக்காவில் உருவான முறை இது. மற்றொன்று தனிக்குதிப்பு. பல நாள் பயிற்சி எடுத்து, தன் குடையைத் தானே இழுத்து, உரிமம் பெறுவதற்காகக் குதிப்பது. காப்புறுதி நிறுவனங்களின் கண்ணில் இவை இரண்டும் இரண்டு தனி உலகங்கள். பொழுதுபோக்காக ஒருமுறை, உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக, பயிற்றுநரோடு இணைந்து குதிப்பதை ஏற்றுக்கொள்ளும் பத்திரங்கள் சில உண்டு. பயிற்சி வகுப்பை ஏற்றுக்கொள்ளும் பொதுப் பயணக் காப்புறுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேறு பல பத்திரங்களில் இந்த வேறுபாடே இல்லை. அபாயகரமான விளையாட்டுகள் என்ற தலைப்பின் கீழ் மலையேற்றம், ஆழ்கடல் முக்குளிப்பு ஆகியவற்றோடு வான்குதிப்பையும் வைத்து ஒரே வரியில் மொத்தமாக விலக்கிவிடுகிறார்கள்.

அந்த வரி எங்கே இருக்கும்? விளம்பரத்தில் இருக்காது. விமானமும் சிரிக்கும் குடும்பமும் அச்சிட்ட அந்த மடிப்புத்தாளில் பத்து இலட்சம் ரிங்கிட் மருத்துவச் செலவு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விலக்குகள் என்ற பகுதியோ பத்திரத்தின் பின்பக்கங்களில், பொடி எழுத்தில், எண்ணிட்ட பத்திகளாக இருக்கும். பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். ஆகவே பின்னாலிருந்து படியுங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. விலக்கு ஒரு வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. வான்குதிப்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் கண்டு மகிழ்வோம். இன்னொரு பக்கத்தில், கட்டணம் செலுத்திய பயணியாக உரிமம் பெற்ற பயணிகள் விமானத்தில் செல்வதைத் தவிர வேறு எந்த வான்வழிச் செயலுக்கும் இழப்பீடு இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். குதிப்பதற்கு ஏறிப் போகும் அந்தச் சிறு விமானம் எந்த வகை? அது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் விமானம் அன்று. ஏறிய இடத்திலேயே இறங்கும். அதுவும் பயணிகள் இல்லாமல் இறங்கும். அதை அந்த வாசகம் ஏற்குமா, ஏற்காதா?

இது வெறும் வழக்கறிஞர் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2010 செப்டம்பர் 4ஆம் நாள் நியூசிலாந்தின் ஃபாக்ஸ் கிளேசியர் என்ற இடத்தில் வான்குதிப்புக்காக ஏறிய விமானம் புறப்பட்ட உடனேயே விழுந்து எரிந்தது. விமானியும் நான்கு பயிற்றுநர்களும் நான்கு வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளுமாக ஒன்பது பேர் இறந்தனர். வயல்களுக்கு உரம் தூவப் பயன்பட்டு, பின்னர் குதிப்பவர்களை ஏற்றுவதற்காக மாற்றியமைக்கப்பட்ட விமானம் அது. அந்த நால்வரில் ஒருவர்கூடக் குதிக்கவில்லை. அவர்கள் இறந்தது வான்குதிப்பிலா, விமான விபத்திலா? பத்திரத்தில் இரண்டையும் இணைத்து எழுதாதவரை இந்தக் கேள்விக்குள் ஒரு குடும்பத்தின் இழப்பீடே மாட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அதே நாட்டில் நடந்தது. 2015 ஜனவரி 7ஆம் நாள் டவுப்போ ஏரியின் மேலே இன்னொரு வான்குதிப்பு விமானத்தின் இயந்திரம் பழுதானது. உள்ளே இருந்த பதின்மூவரும், விமானி உட்பட, வான்குடையோடு குதித்துப் பிழைத்தனர். விமானம் ஏரியில் விழுந்தது. அன்று அவர்களைக் காப்பாற்றியது, பத்திரங்கள் அபாயகரமானது என்று விலக்கி வைக்கும் அதே குதிப்புதான்!

நியூசிலாந்தைப் பற்றிப் பேசும்போது அங்குள்ள ஓர் ஏற்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அந்நாட்டில் ஏ.சி.சி. எனப்படும் விபத்து இழப்பீட்டுக் கழகம் 1974 முதல் செயல்படுகிறது. அங்கே விபத்தில் அடிபடுகிறவர் யாராக இருந்தாலும், சுற்றுப்பயணியாகவே இருந்தாலும், யார் தவறு என்று பாராமல் சிகிச்சைச் செலவில் பங்கேற்கும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! 'நியூசிலாந்தில் குதித்தால் காப்புறுதியே வேண்டாம்' என்று நம் பிள்ளைகளிடையே ஒரு பேச்சு உலவுவதற்கும் இதுவே காரணம். ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. அந்த ஏற்பாட்டுக்கு ஈடாக, உடற்காயத்துக்காக நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் எடுத்துவிடுகிறது. குதிப்பை நடத்தியவர் கவனக்குறைவாக இருந்தாலும் அதே நிலைதான். நோய்க்கு அந்தக் கழகம் பணம் தராது. உங்களை மலேசியாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்காது. முறிந்த முதுகெலும்போடு ஒருவர் படுத்த நிலையில்தான் வர முடியும் என்றால், பயணிகள் விமானத்தில் பல இருக்கைகளை அகற்றியோ மடக்கியோ படுக்கை பொருத்த வேண்டும். கூடவே மருத்துவரோ தாதியோ வர வேண்டும். அந்தக் கணக்கு டிக்கெட் கணக்கு அன்று. மூவாரில் ஒரு தரை வீட்டின் மேல் கடன் வாங்கும் கணக்கு.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே மெடிகேர் என்ற பொது மருத்துவத் திட்டம் சில நாட்டவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவமனையில் ஒவ்வொரு நாளுக்கும் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். வழக்குப் போடலாம் என்றால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தான பொழுதுபோக்கில் வெளிப்படையாகத் தெரியும் அபாயம் நிகழ்ந்து அடிபட்டால் நடத்தியவர்மீது பொறுப்பு இல்லை என்கிறது. வானிலிருந்து குதித்தால் அடிபடலாம் என்பதைவிட வெளிப்படையான அபாயம் வேறென்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, குதிக்கும் முன் நாமே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம். அங்கே படிக்கும் நம் மாணவர்களுக்கு விசாவோடு கட்டாய மருத்துவக் காப்புறுதி உண்டு. அது ஆஸ்திரேலிய மண்ணுக்குள் சிகிச்சைக்கானது. மெல்பர்னில் படிக்கும் தங்கை விடுமுறைக்கு குவீன்ஸ்டவுன் போய்க் குதித்தால் அந்த அட்டை பெட்டியிலேயே இருக்கலாம். மலேசியாவில் புறப்படும்போது எடுத்த பயணக் காப்புறுதியும் கைகொடுக்காது. ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்ற வரம்பைத் தாண்டிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

எங்கள் வட்டாரத்துக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. ஜொகூர்க்காரர்களில் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். மூவார்ப் பிள்ளைகளும் அங்கே அறை எடுத்துத் தங்கி, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வீடு வந்து போகிறார்கள். அவர்கள் பயணக் காப்புறுதியை எங்கே வாங்குவது? சிங்கப்பூரில் வாங்கினால், பயணம் சிங்கப்பூரில் தொடங்கிச் சிங்கப்பூரிலேயே முடிய வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மலேசியாவில் வாங்கினால், மலேசியாவிலிருந்து புறப்பட வேண்டும் என்பார்கள். வெள்ளிக்கிழமை மூவார் வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் சாங்கி விமான நிலையத்திலிருந்து பறக்கிறவனின் பயணம் எங்கே தொடங்கியது? அடிபட்டால் தாயகம் என்று எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? இது கேலிக்கான கேள்வி அன்று. வாங்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுப் பதில் பெற வேண்டிய கேள்வி.

'அவர்கள் என்னிடம் குதிப்பாயா என்று கேட்கவே இல்லையே, பிறகு எப்படி மறுக்க முடியும்?' என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. பாதி சரி. முன்பு 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்படி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமான விவரங்களைத் தெரிவிக்கும் கடமை வாங்குகிறவருக்கு இருந்தது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆவது அட்டவணை இந்தச் சுமையைக் குறைத்தது. தன் சொந்தத் தேவைக்குக் காப்புறுதி வாங்கும் பயனீட்டாளரிடம் வேண்டியதை நிறுவனம்தான் குறிப்பாகக் கேட்க வேண்டும். கேட்டதற்கு நாம் கவனமாக, தவறாகச் சொல்லாமல் பதிலளிக்க வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆனால் விலக்கு என்பது வேறு விஷயம். நிறுவனம் நம்மைக் கேட்காததன் காரணம், கேட்காமலேயே வான்குதிப்பை வெளியே நிறுத்திவிட்டதுதான். நாம் எதையும் மறைக்காவிட்டாலும் அந்த விலக்கு அப்படியே நிற்கும்.

ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். முகவர் நல்லவராக இருக்கலாம், தூரத்து மாமாவாகவும் இருக்கலாம். கோயில் திருவிழாவில் கண்டு, "எல்லாம் இருக்குப்பா, நீ தைரியமா போய்ட்டு வா" என்று அவர் தோளைத் தட்டிச் சொல்வது ஆசீர்வாதமே தவிரக் காப்புறுதி ஆகாது. நிறுவனத்துக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'இன்ன நாளில், இன்ன நாட்டில், உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாக, பயிற்றுநரோடு இணைந்து, இத்தனை அடி உயரத்திலிருந்து ஒருமுறை குதிக்கவிருக்கிறேன். அதற்காக ஏறும் விமானம் விபத்துக்குள்ளானாலும், குதிக்கும்போதோ தரையிறங்கும்போதோ காயமுற்றாலும், மருத்துவச் செலவு, வேறு மருத்துவமனைக்கு மாற்றும் செலவு, மலேசியாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவு, நிரந்தர ஊனம், மரணம் ஆகிய ஐந்துக்கும் இந்தப் பத்திரம் இழப்பீடு தருமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.' இவ்வளவுதான். ஐந்தையும் தனித்தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டு மரண இழப்பீட்டை விலக்குவதும் நடக்கக்கூடியதே. கூடுதல் சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்வோம் என்று பதில் வந்தால் மகிழ்ச்சியோடு கட்டுங்கள். குதிக்கும் கட்டணத்தோடும், அதைப் படம் பிடித்துத் தர வாங்கும் கட்டணத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. ஒரு நிமிடக் காணொளிக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கும் நாம், இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம்.

பதில் சாதகமாக இருந்தும் பிறகு இழப்பீடு மறுக்கப்பட்டால் போக்கிடம் உண்டு என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. 2005இல் நிதி நடுவர் பணியகமாகத் தொடங்கி, 2016இல் நிதிச் சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மேன் என்று மாறிய அமைப்பு, 2025 ஜனவரி முதல் நிதிச் சந்தைகளுக்கான ஓம்புட்ஸ்மேன் சேவையாக இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே உங்கள் கண்ணீரைவிட அந்த மின்னஞ்சல் பதில்தான் அதிகம் பேசும்.

இனி நம் சமுதாயத்தைப் பற்றிச் சில வார்த்தை. காப்புறுதி நமக்குப் புதிதன்று. லனாட்ரோன் போன்ற எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் சாவு விழுந்தால் லயம் லயமாக வசூல் நடக்கும். மாதாமாதம் சிறு தொகை கட்டி, ஈமச் செலவுக்கு வாங்கிக்கொள்ளும் சங்கங்களும் நம் தோட்டப்புறங்களில் இருந்தன. எழுத்தறியாத பாட்டி கூட அந்தச் சங்கம் எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதை மனப்பாடமாகச் சொல்வார். பிற்காலத்தில் 1982இல் தொடங்கிய மைக்கா நிறுவனத்தில் நம் மக்கள் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொட்டினார்கள். அதன் கையில் ஓரியண்டல் கேப்பிட்டல் அஷூரன்ஸ் என்ற காப்புறுதி நிறுவனமே இருந்தது. அது பெரிய கதை, சோகக் கதையும் கூட, இங்கே வேண்டாம். ஆனால் இன்று, பட்டம் பெற்ற பேத்தியால் தன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வெளிநாட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் நாம் செய்வது அதே லயத்து வசூல்தான். நாளிதழில் 'உதவிக்கரம் நீட்டுவீர்' என்ற வேண்டுகோளும், புலனக் குழுக்களில் வங்கிக் கணக்கு எண்ணும். கொடுக்கும் மனம் இன்னும் இருப்பது பெருமைக்குரியது. ஆனால் ஓர் இதயநோய்க் குழந்தைக்குப் போக வேண்டிய பணம், ஐந்து நிமிடம் செலவழித்து மின்னஞ்சல் அனுப்பாதவனுக்குப் போவது நியாயமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால் கோபம் வரும். வரட்டும்.

இங்கே நம் தமிழ்மொழிக் கழகங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மலேசியக் காப்புறுதிப் பத்திரங்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து நள்ளிரவில் வரும் தொலைபேசியை எடுக்கும் அம்மாவுக்குத் தமிழில்தான் எதையும் தெளிவாகப் புரிந்துகொள்ள முடியும் என்ற வீடுகள் மூவாரில் மட்டுமல்ல, நாடு முழுவதும் உண்டு. ஆண்டுதோறும் நாம் நாடகப் போட்டி நடத்துகிறோம், சிறுகதை எழுதுகிறோம், கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறோம். பயணக் காப்புறுதியின் விலக்குப் பகுதியை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அச்சிட்டால் என்ன? அதைச் செய்யும்போதுதான் மொழியின் சோதனை தெரியும். அடிபட்டவரைச் சிறு மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கும், அவரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கும் காப்புறுதி மொழியில் இருவேறு சொற்கள், இருவேறு தொகைகள். இரண்டையும் நாம் 'கொண்டு வருவது' என்று ஒரே சொல்லால் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். இணைக்குதிப்பு என்று நான் எழுதியதைவிட நல்ல சொல் தமிழ்த்துறை மாணவருக்குத் தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாள் வெளிவர வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர் ஒருவரும் தமிழ் படிக்கும் மாணவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு பருவ விடுமுறையில் முடிகிற காரியம் இது.

வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் கழகங்கள் இன்னொன்றையும் செய்யலாம். எல்லாருக்கும் மொத்தமாகக் குழுக் காப்புறுதி எடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதோடு நிறுத்திவிடாமல், எந்தெந்தச் செயல்கள் அதில் விலக்கப்பட்டிருக்கின்றன என்று புறப்படும் முன் உறுப்பினருக்குப் படித்துக் காட்ட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் வான்குதிப்பு இல்லை, ஆனால் ஓய்வு நாளில் யாரும் எங்கும் போகலாம் என்று இருந்தால், அந்த ஓய்வு நாளில்தான் எல்லாமே நடக்கும்.

கடைசியாக இரண்டு சிறு விஷயங்கள். மரண இழப்பீட்டுக்கு வாரிசின் பெயரைக் குறிப்பிட இடமிருக்கிறதா என்று கேளுங்கள். தன் உயிர்மீது எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதிக்கு அப்படிப் பெயர் குறிப்பிடும் உரிமையை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது அட்டவணை தருகிறது. மணமாகாத, பிள்ளையில்லாத, முஸ்லிம் அல்லாத ஒருவர் அப்பா அம்மாவைக் குறிப்பிட்டால் அந்தப் பணம் அவர்களுக்கான அறக்காப்பாகவே கருதப்படும். பெயர் எழுதாமல் விட்டால், நிர்வாகப் பத்திரம் அது இது என்று வயதான காலத்தில் அவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேரலாம்.

இரண்டாவது, காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர உதவித் தொலைபேசி எண். திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை அந்த உதவி நிலையமே செய்ய வேண்டும், நாமாகச் செய்துவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டை நீட்டினால் முழுத் தொகையும் கிடைக்காது என்பது பெரும்பாலான பத்திரங்களில் உள்ள நிபந்தனை. அந்த எண்ணையும் பத்திர எண்ணையும் வீட்டில் ஒருவரிடமும், உடன் வரும் நண்பரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் கைப்பேசியில் இருந்தால் போதாது. குதிக்கும் முன் பையிலுள்ள எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் கைப்பேசி கீழே ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், சாவி வேறு யாரிடமோ இருக்கும்.